ஈரம் காயாத வலை



முன்வரிசையில் கொளத்தூர், ரெட்டேரி, மாதவரம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்து கடைக்காரர்கள். வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு தொட்டி வைத்து, நான்கு ஏஞ்சலும் பத்து டெட்ராவும் வளர்ப்பவர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோர் கையிலும் தினமும் புழங்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: கைவலை. அதோடு சேர்த்து வாளி, சைஃபன் குழாய், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் ஸ்டோன், மீன் அடைத்து வரும் பாலித்தீன் கவர், கடைசியாக நம் கை.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் நாம் கேட்பது "என்ன மருந்து ஊற்றலாம்?" என்றுதான். மெத்திலீன் ப்ளூ ஊற்றுகிறோம், கல்லுப்பு போடுகிறோம், ஹீட்டரைக் கூட்டி வைக்கிறோம். ஒரு வாரத்தில் அந்தத் தொட்டி தெளிகிறது. அதற்குள் இரண்டு தொட்டி தள்ளி அதே நோய் தொடங்கிவிடுகிறது. புது மீன் கொண்டுவந்துவிட்டது, தண்ணீர் மாறிவிட்டது, மழைக்காலம் வந்தாலே இப்படித்தான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். காலையில் செத்த மீனை எடுத்த வலை, உதறப்படாமல் வாளித் தண்ணீரில் கிடந்து, மாலையில் அடுத்த தொட்டிக்குள் இறங்கியதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மீன் நோய் பார்ப்பது என் தொழில். ஒரு பண்ணைக்குள் நுழைந்ததும் வலைகள் எங்கே மாட்டியிருக்கின்றன, காய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மீனிடம் போவேன்.

ஏன் என்று விளங்க வேண்டுமானால் ஒட்டுண்ணி எப்படி வாழ்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நமக்கு மிகவும் பழக்கமான வெள்ளைப்புள்ளி நோயையே எடுத்துக்கொள்வோம்.

இதை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி. உடம்பெங்கும் நுண்ணிய மயிரிழைகள். 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்துப் பெயர் வைத்தார். வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். மீனின் மேல் ரவையைத் தூவியது போலத் தெரிகிற ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இந்த உயிரி இருக்கிறது. அது தோலின் மேலே உட்கார்ந்திருப்பதில்லை. மேல்தோலுக்கு அடியில் புகுந்து, மீனின் செல்களைத் தின்றுகொண்டு, சுழன்றபடியே இருக்கிறது. நன்றாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை வரும். நீங்கள் தண்ணீரில் ஊற்றும் மருந்து இந்த நிலையில் அதை எட்டாது. மீனின் தோலே அதற்கு மறைவிடம்.

வளர்ந்து முடித்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. புள்ளி மறைகிறது. மருந்து வேலை செய்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். அந்த உயிரியோ அடுத்த பருவத்துக்குப் போயிருக்கிறது. சிறிது நேரம் நீந்திவிட்டு, அகப்பட்ட பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. கூழாங்கல், செடியின் இலை, தொட்டியின் கண்ணாடி, ஸ்பாஞ்ச், வலையின் நூல், எதுவானாலும் அதற்குச் சம்மதம். ஒட்டிய இடத்தில் தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஓர் உறையைச் சுரந்துகொண்டு, உள்ளே பிளக்கத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து முறை பிளந்தால் 1024. நம் ஊர் வெப்பத்தில் இவ்வளவும் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும். பிறகு உறை கிழிய, குட்டிகள் வெளியேறி ஒவ்வொன்றும் ஒரு மீனைத் தேடி நீந்தும். இரண்டு நாளுக்குள், மிஞ்சிப்போனால் மூன்று நாளுக்குள், மீன் அகப்படாவிட்டால் செத்துவிடும்.

இந்தச் சுற்றில் மருந்துக்குச் சிக்குவது நீந்தித் திரியும் குட்டி மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதும் தப்பிக்கிறது, உறைக்குள் இருப்பதும் தப்பிக்கிறது. ஒரே தடவை ஊற்றிவிட்டு நிறுத்தாதீர்கள், விடாமல் பல நாள் கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். 25 டிகிரி பக்கத்தில் முழுச் சுற்றும் ஒரு வாரத்துக்குள் முடிகிறது. குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் அதனால் சரியாகப் பெருக முடியாது. சித்திரை வைகாசியில் அவ்வளவாகத் தலைகாட்டாமல், ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் வந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் சட்டென்று குளிரும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்வது இன்னொரு காரணம்.

இப்போது வலையை நினைத்துப் பாருங்கள். உறை கட்டிய ஓர் உயிரி வலையின் தையல் மடிப்பில் ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வலை ஈரமாக இருக்கும்வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஈர வலை அடுத்த தொட்டிக்குள் இறங்கும்போது நீங்கள் கொண்டுபோவது ஆயிரம் குட்டிகளுக்கான தாயை. அதுவும் எங்கே? மீன் நெருக்கமாக நிற்கும் தொட்டிக்குள். தேடி அலைய வேண்டிய சிரமமே அவற்றுக்கு இல்லை.

ஆனால் அந்த உயிரி தோற்கும் இடமும் இதே பருவம்தான். மருந்துக்கு அசையாத அந்த உறை காய்ந்தால் செத்துப்போகும். மீனை வெயிலில் காயவைக்க முடியாது, வலையைக் காயவைக்கலாம். மீனின் உடம்பில் இருக்கும்போது நம் கைக்கு எட்டாத எதிரி, கருவியில் ஒட்டியிருக்கும்போது காசு செலவில்லாமல் எட்டுகிறது. நான் இன்று உங்களிடம் வற்புறுத்த வந்தது இந்த ஒன்றைத்தான்.

காய்வது என்றால் எப்படிக் காய்வது என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டுப் பார்த்து ஈரம் தெரியவில்லை என்றால் போதாது. வலைத்துணி சீக்கிரம் காயும். கம்பியைச் சுற்றித் துணியை மடித்துத் தைத்திருக்கும் இடம் காயாது. சில வலைகளின் கைப்பிடி உள்ளே குழலாக இருக்கும். அதற்குள் போன தண்ணீர் ஒரு வாரம் ஆனாலும் அங்கேயே நிற்கும். வலையைத் தலைகீழாகப் பிடித்தால் சொட்டும். அத்தகைய கைப்பிடியின் முனையை அடைத்துவிடுங்கள், அல்லது அந்த வலையையே வாங்காதீர்கள். வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியில் தொங்கவிட்டால் நடுவில் இருப்பது காயாது. தனித்தனியாக, வாய் விரிந்திருக்க, வெயில் படும் சுவரில் மாட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும், இரண்டு நாள் ஆனால் இன்னும் நல்லது. இன்று ஒரு செட் வலை, நாளை இன்னொரு செட் என்று மாற்றி மாற்றி எடுத்தால் இதெல்லாம் தானாக நடந்துவிடும். வலை என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஜோடி ஏஞ்சல் தாய்மீன் என்ன விலை என்பதும் தெரியும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோய் அதிகம் வருவதும் அப்போதுதான், வலை காயாததும் அப்போதுதான். அந்த நாட்களில் வெந்நீர் கைகொடுக்கும். 60 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடம் மூழ்கக் கிடந்தால் நாம் இங்கே பேசுகிற ஒட்டுண்ணிகள் எதுவும் தப்பாது. நைலான் வலையும் ரப்பர் குழாயும் அந்தச் சூட்டைத் தாங்கும். ஒரு பழைய அலுமினியப் பானையும் வெப்பமானியும் இருந்தால் போதும்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். பலரும் கை அளவாக அள்ளிப் போடுகிறார்கள், அது தேவையில்லை. லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின், ஒரு மணி நேரம் என்பது கருவிகளுக்கான பொதுக் கணக்கு. 30 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம். ஆனால் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அந்த 30 இருக்காது. ஈரக் காற்றில் அது வீரியம் இழந்துகொண்டே போகும். இறுக மூடிய டப்பாவில், நிழலில் வையுங்கள். சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். இன்னொன்று, பாசியும் சளியும் ஒட்டிய வலையை அப்படியே முக்கினால் குளோரின் முழுவதும் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு முக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து அலசி, குளோரினை முறிக்கும் ஹைப்போ கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி அலசிக் காயவையுங்கள். மிச்சக் குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், ஃபார்மலின், வேறெந்த மருந்தையும் கலக்கவே கூடாது. காற்றோட்டம் இல்லாத அறையில் அந்த வேலையைச் செய்யவும் கூடாது. உங்கள் பண்ணையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவையுங்கள்.

பல பண்ணைகளில் ஒரு வழக்கம் பார்க்கிறேன். நடுவில் ஒரு வாளி, அதில் ரோஜா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீர், எல்லா வலைகளும் அதற்குள். நோக்கம் நல்லது. காலையில் கரைத்தபோது நிறம் சரியாகத்தான் இருந்திருக்கும். பத்துத் தொட்டி வலைகளின் சளியும் எச்சமும் சேர்ந்தபின் மதியத்துக்குள் அது பழுப்பாகிவிடுகிறது. பழுப்பானால் மருந்து தீர்ந்தது என்று பொருள். அதற்குமேல் அந்த வாளி செய்வது ஒன்றுதான்: எல்லா வலைகளையும் ஒரே தண்ணீரில் ஈரமாக வைத்திருப்பது. நோயுள்ள தொட்டியிலிருந்து நோயில்லாத தொட்டிக்குப் போக இதைவிட நல்ல சந்திப்பிடம் ஒட்டுண்ணிக்குக் கிடைக்காது. ஒரு பொதுவாளியை நம்புவதைவிட, தொட்டிக்கு ஒரு வலை என்று பிரித்துவிடுவது எவ்வளவோ மேல். அத்தனை தொட்டிக்கும் முடியாது என்றால் வரிசைக்கு ஒரு வலை. கைப்பிடியில் பெயின்ட் அடித்து, தொட்டியின் விளிம்பிலும் அதே நிறத்தை அடியுங்கள். படிக்கத் தெரியாதவரும் அதில் தவற மாட்டார்.

வெள்ளைப்புள்ளியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் மற்றவை கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நம் தொட்டிகளில் ஒட்டுண்ணிகள் நிறைய. தங்கமீன், கோய் வளர்ப்பவர்கள் மீன் பேனை அறிவீர்கள். தட்டையாக, வட்டமாக, மீனின் மேல் ஊர்வது கண்ணுக்கே தெரியும். அதைப் பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெண் பேன் முட்டையிடும் நேரம் வந்ததும் மீனை விட்டு இறங்கிவிடும். கல், சுவர், குழாய் என்று கெட்டியான பரப்பாகப் பார்த்து முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கும். அவை பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், குளிரில் இன்னும் அதிகம். குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் இதை வைத்தே ஒரு நல்ல தந்திரம் செய்கிறார்கள். மூங்கில் கழிகளையோ பலகைகளையோ வேண்டுமென்றே குளத்தில் நட்டுவைப்பார்கள். பேன் அதில் முட்டையிடும். சில நாளுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து வெயிலில் போட்டால் முட்டையெல்லாம் காய்ந்து வீணாகும். மருந்தே இல்லாமல், ஒட்டுண்ணியின் பழக்கத்தைக் கொண்டே அதை அடக்கும் முறை இது. நம் சிமென்ட் தொட்டிகளுக்கும் பொருந்தும்.

கப்பி வளர்ப்பவர்களுக்குச் சிவப்புப் புழு தெரியும். மீனின் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காமலானஸ் என்பது அதன் பெயர். இதன் இளம்புழுக்கள் தொட்டியின் அடியில் விழுந்து கிடக்கும். அவற்றை நேரடியாகத் தின்றும் அடுத்த மீன் நோய் வாங்கிக்கொள்ளலாம். ஆக, இங்கே வலையைவிடச் சைஃபன் குழாய்தான் பெரிய குற்றவாளி. ஒரு தொட்டியின் அடிக் கசடை உறிஞ்சிய குழாயில் கடைசியாக நிற்கும் கால் லிட்டர் தண்ணீர், அடுத்த தொட்டியில் குழாயை இறக்கியதும் முதலில் உள்ளே போகிறது. குழாயைத் தொங்கவிட்டு வடித்து, இரண்டு முனையும் திறந்திருக்கக் காயவைக்க வேண்டும். சுருட்டி மூலையில் போட்ட குழாய் காயாது.

செவுள் புழு முட்டையிடும் இனம். அதன் முட்டைகள் மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து மறுபடி மருந்து கொடுக்கச் சொல்வது பொரித்துவரும் புதிய புழுக்களுக்காக. தோல் புழு வேறு மாதிரி. முட்டையே இடாது, குட்டி போடும். தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் வயிற்றில் அடுத்த குட்டி ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் ஒரே ஒரு தோல் புழு போதும், ஒரு தொட்டி முழுவதும் பரவ.

இந்தத் தோல் புழுக் குடும்பத்தில் ஓர் இனம் ஒரு நாட்டையே என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பெயர் கைரோடாக்டிலஸ் சலாரிஸ். இதை முதலில் விவரித்தது சுவீடனில், 1957-இல். பால்டிக் கடல் பக்கத்துச் சால்மன் மீன்கள் இதோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. பெரிய சேதம் இல்லை. 1975-இல் நார்வே ஆற்றுச் சால்மன் குஞ்சுகளில் இது கண்டறியப்பட்டது. சுவீடனிலிருந்து பண்ணைக் குஞ்சுகளோடு வந்திருந்தது. நார்வே மீன்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு சின்னக் குஞ்சின் மேல் ஆயிரக்கணக்கில் பெருகி, குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. காலப்போக்கில் ஐம்பது ஆறுகள் அளவுக்குப் பரவியது.

அதை ஒழிக்க நார்வே அரசு எடுத்த வழியைக் கேளுங்கள். ரோட்டினோன் என்ற மீன் நஞ்சை ஆற்றில் முழு நீளத்துக்கும் கலந்து, ஆற்றிலுள்ள மீன்களையெல்லாம் கொன்றார்கள். மீன் இல்லாவிட்டால் புழுவும் வாழாது என்பது கணக்கு. முன்கூட்டியே சேமித்து வைத்திருந்த அந்தந்த ஆற்று இனத்தின் வித்துகளிலிருந்து மீன்களை உண்டாக்கி, மறுபடி ஆற்றில் விட்டார்கள். ஓர் ஆற்றுக்குப் பல வருட வேலை. இன்று நார்வேயில் ஓர் ஆற்றில் தூண்டில் போட்டவர் அடுத்த ஆற்றுக்குப் போவதற்கு முன் தூண்டில், வலை, இடுப்பளவு ரப்பர் காலணி எல்லாவற்றையும் கிருமி நீக்கம் செய்ய வேண்டும், அல்லது முழுக்கக் காயவைக்க வேண்டும். ஆற்றோரங்களில் அதற்கென்று நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். நார்வே போய்த் திரும்பும் தூண்டில்காரர்களுக்குப் பிரிட்டனும் இதையே அறிவுறுத்துகிறது. புழு முதலில் வந்தது மீனோடு. அது மேலும் பரவாமலிருக்க அவர்கள் இன்று காவல் காப்பது கருவியை. இந்தப் புழு மீனை விட்டால் ஒரு சில நாளே தாங்கும். அந்தச் சில நாள் ஈரத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு ஏற்பாடும்.

நார்வே எங்கோ இருக்கிறது என்று தோன்றலாம். நம் கடற்கரை இறால் பண்ணைகளைப் பாருங்கள். 1990-களின் நடுவில் வைரஸ் நோய் இறால் தொழிலைக் குப்புறத் தள்ளியதை இங்கிருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2009-இல் வனாமி இறாலுக்கு அனுமதி வந்தபோது அதோடு நிபந்தனைகளும் வந்தன. நம் சென்னையில் தலைமையகம் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வகுத்த விதிகளில், பண்ணைக்கு வேலி வேண்டும், பறவை வராமல் தடுக்க வேண்டும் என்பதோடு, குளத்துக்குக் குளம் தனித்தனிக் கருவிகள் வேண்டும் என்பதும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் நீலாங்கரையில் உள்ள தனிமைக் காப்பகத்தில் இருந்து, சோதனை தேறிய பின்னரே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. பெரிய அடி வாங்கிய பிறகு ஒரு தொழில் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. வண்ணமீன் தொழிலில் இருக்கும் நாம் அந்த அடியை வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வளவு குடும்பங்கள் இந்த மீன்களை நம்பி இருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் பாதித் தொட்டிகள் காலியாகிப்போன பண்ணையில், அந்த வீட்டுப் பெண்கள் செத்த மீனைக் கூடையில் அள்ளுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது என்னை இன்னும் வருத்துகிறது.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஸ்பாஞ்சில் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. காயவைத்தாலும் பிளீச்சிங்கில் போட்டாலும் அது செத்துவிடும். புதுத் தொட்டி போடுகிறவர்கள் நண்பரிடமிருந்து பழைய ஸ்பாஞ்சை வாங்கிவந்து போடுவது நம்மிடையே நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. தண்ணீர் சீக்கிரம் பதப்படும் என்பது உண்மை. அந்த நண்பரின் தொட்டியில் உறை கட்டிக் கிடந்த எல்லாமும் உங்கள் வீட்டுக்கு வரும் என்பதும் உண்மை. என் கருத்து உறுதியானது: அடுத்தவர் ஸ்பாஞ்சை வாங்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும். உங்கள் நல்ல தொட்டியிலேயே எப்போதும் ஒரு உபரி ஸ்பாஞ்சை ஓடவிட்டு வையுங்கள். தனிமைத் தொட்டி தேவைப்படும் நாளில் அதை எடுத்து அங்கே போடுங்கள். அங்கே போனது திரும்பி வரக் கூடாது. வேலை முடிந்ததும் பிளீச்சிங், வெயில், மறுபடி முதலிலிருந்து. நல்ல தொட்டியிலிருந்து சந்தேகத் தொட்டிக்கு எதுவும் போகலாம். சந்தேகத் தொட்டியிலிருந்து நல்ல தொட்டிக்கு எதுவும் வரக் கூடாது. தினசரி வேலை வரிசையும் அப்படித்தான். குஞ்சுத் தொட்டிகளை முதலில் பாருங்கள், பிறகு நல்ல தொட்டிகள், நோயுள்ள தொட்டி கடைசி.

கடைக்காரர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் அலமாரி அலமாரியாகத் தொட்டி அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டரில் தண்ணீரைச் சுற்றவிடுகிறீர்கள். இடம் மிச்சம், வேலை மிச்சம். அந்த அமைப்பில் நூறு தொட்டி இருந்தாலும் நோயின் கணக்கில் அது ஒரே தொட்டி. அங்கே தனித்தனி வலை வைத்துப் பயனில்லை. ஆகவே புதிதாக வந்த சரக்கை நேராக அந்த அமைப்புக்குள் விடாதீர்கள். தனித் தண்ணீர் ஓடும் நாலைந்து தொட்டிகளைப் புதுச் சரக்குக்கென்று ஒதுக்கி, அதற்கு மட்டும் உரிய வலையோடு, குறைந்தது மூன்று வாரம் வையுங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார். "இது இப்போதுதான் வந்தது, விற்பதற்கில்லை" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் கடையைத்தான் மீன் வளர்ப்பவர்கள் நாளடைவில் தேடி வருவார்கள்.

கவர் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பின், மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு. அந்தக் கவரையும், தெர்மாகோல் பெட்டியையும் மறுபடி பயன்படுத்தும் வழக்கம் நம் தொழிலில் உண்டு. பெட்டியைக் கழுவிக் காயவைத்தால் பயன்படுத்தலாம். கவரின் அடி மடிப்பு காய்வதே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

ஏரேட்டர் குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளும் பக்கத்துத் தொட்டிக்குப் போகின்றன. வெள்ளைப்புள்ளி உயிரி அப்படிக் காற்றுவழியாகச் சிறிது தூரம் போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயுள்ள தொட்டியை மூடி வையுங்கள், இடைவெளி விடுங்கள். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து வெள்ளைப்புள்ளி வேறு உயிரி, கிரிப்டோகாரியான். அதன் உறைகளில் சில இரண்டு மாதத்துக்கும் மேல் காத்திருந்து பொரிக்கும். நன்னீர்த் தொட்டியை மீனில்லாமல் ஒரு வாரம் போட்டு வைத்தாலே நம் ஊர் வெப்பத்தில் இக் ஓய்ந்துவிடும். கடல்நீர்த் தொட்டியில் அந்தக் கணக்கு செல்லாது.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கை வரை தொட்டிக்குள் விட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போகிறோம். சோப்புப் போட்டு, நன்றாக அலசி, துடைத்துவிட்டுப் போங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடவே விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்கு வந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1926-இல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து. மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு தோல் மருத்துவரிடம் போனால், மீன் வளர்ப்பதாக அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டுவிடலாம்.

கழிவுத் தண்ணீரை எங்கே விடுகிறோம் என்பது கடைசி விஷயம். புழலும் ரெட்டேரியும் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கிய சக்கர் மீன் இன்று சென்னை நீர்நிலைகளில் பிடிபடுகிறது. மீன் போன இடத்துக்கு அதன் ஒட்டுண்ணியும் போகும். நோய் வந்த மீனை, நத்தையை, செடியை, பழைய கூழாங்கல்லை ஏரியிலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள். செத்த மீனைப் புதையுங்கள். மேலே கொஞ்சம் சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ தூவுங்கள். நோய் வந்த தொட்டியின் தண்ணீரில் பிளீச்சிங் கலந்து, ஒரு நாள் விட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள். ஏரியில் குளிக்கும் பிள்ளைகளும் அங்கே வலைபோடும் மீனவர்களும் நம் கவனக்குறைவின் விலையைக் கொடுக்கக் கூடாது.

பக்கத்து அறையில் இரண்டு நுண்ணோக்கிகள் வைத்திருக்கிறோம். நோயுள்ள மீனைக் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். சளியை லேசாகச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துக் காட்டுகிறேன். இக் என்றால் குதிரை லாட வடிவத்தில் ஓர் உட்கரு தெளிவாகத் தெரியும், ஒருமுறை பார்த்தால் பிறகு நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள். பிறகு கேள்விகளுக்கு வருவோம். அந்த அறைக்குள் வலை கொண்டுவருபவர்கள், தயவுசெய்து தனித்தனிக் கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள்.